மிச்சப் பாதிப் பேரு கம்பனிகிட்ட இருக்கு

வாங்க சேர், வாங்க. தலையைக் குனிஞ்சு வாங்க. இந்த லயத்து இஸ்தோப்புத் தகரம் துரைமாருக்கே வளைஞ்சு குடுத்ததில்ல, சட்டம் படிப்பிக்கிற வாத்தியாருக்கா குடுக்கப் போகுது? பிஸ்கட் பக்கெட்டை அங்கிட்டு வையி. ஹோர்லிக்ஸ் போத்தல் வேறயா? மாமனுக்குச் சீக்கு முத்திப்போச்சின்னு எவன்டா சொன்னது? உக்காரு மருமகனே. அந்த நாற்காலியில வேணாம், ஒரு கால் ஆட்டம். பலகையில உக்காரு. நீ தவழ்ந்தது அதுலதான்.

ஆக, கண்டி டவுன்ல சட்ட வகுப்பு எடுக்குற. உங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லி என் போன்ல சார்ஜே எறங்கிருச்சி. "அண்ணே, எல்லாப் பக்கத்துப் புள்ளைகளும் வருதாம், சிங்களம், தமிழ், முஸ்லிம், யாழ்ப்பாணம், தோட்டம்... பல பின்னணியாம்" அப்பிடின்னா. பின்னணின்னா எனக்குத் தெரிஞ்சது சுசீலாம்மாவும் டி.எம்.எஸ்ஸும்தான். அவங்க மறைவா நின்னு பாடுவாங்க, முன்னால வேற ஒருத்தன் வாயசைப்பான். யோசிச்சுப் பார்த்தா உன் வகுப்புக்கும் அது பொருந்தித்தான் வருது. பாடுறவன் எவனோ லண்டன்ல செத்துப்போன ஜட்ஜ். வாயசைக்கிறது நீ.

மூஞ்சியைத் தூக்காத. தாய்மாமன் கேலி பண்ணலேன்னா வேற எவன் பண்ணுவான்? நாப்பது புள்ளை, நாப்பதும் நாப்பது திக்கு, எப்பிடி மேய்க்கிறதுன்னு யோசனை கேட்டு மலையேறி வந்திருக்க. எட்டாம் வகுப்போட பிரட்டுக்களத்துக்குப் போனவன்கிட்ட வந்து கேக்குற. கேட்டுட்ட, சொல்லத்தானே வேணும்.

முதல்ல ஒன்னு. புள்ளைகளுக்கு வெளங்கிறாம பாத்துக்க. வெளங்கிருச்சின்னா வாத்தியாருக்கு மரியாதை போயிரும். உள்ள நுழைஞ்ச உடனே லத்தீன்ல ரெண்டு வார்த்தை எறி. தெல்தோட்டைப் புள்ளை முழிக்கும், தெல்தெனியப் பொடியன் முழிப்பான், அக்குறணைக்காரன் பேனாவைக் கடிப்பான். நீ கோட்டுக் கையை லேசா இழுத்துவிட்டுக்கிட்டு சுவரைப் பார்த்துச் சிரி. அந்தக் காலத்தில அப்புக்காத்துமாரு அப்பிடித்தான் செய்வாங்க. பெரக்கிராசிமாரு அதைப் பார்த்துத் தலையாட்டுவாங்க. கேஸ்காரன் ரெண்டு பேருக்கும் காசு குடுப்பான். 1974ல அந்த ரெண்டு சாதியையும் ஒன்னாக்கி எல்லாரும் சட்டத்தரணின்னு ஆக்கினாங்க. ஆனா சுவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் மட்டும் போகல்ல.

போன தடவை உன் கொப்பியை இங்க மறந்துட்டுப் போனியே, ராத்திரி கரண்டு இருந்த நேரம் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு நத்தை. ஸ்கொட்லாந்தில ஒரு பொம்பளை இஞ்சிப் பியர் குடிச்சிச்சாம், போத்தலுக்குள்ள செத்த நத்தை கெடந்துச்சாம், 1932ல பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிச்சாம். சரி, பெரிய கேஸுதான். செஞ்சவன் குடிக்கிறவனுக்குப் பொறுப்புன்னு உலகத்துக்கே சொன்ன கேஸு. நத்தைக்கு மரியாதை குடுக்க வேண்டியதுதான். ஆனா ஹந்தானையில பொறந்த புள்ளைக்கு நத்தை என்னடா தெரியும்? அட்டை தெரியும். அட்டையைச் சொல்லு, நடுச்சாமத்தில எழுப்பினாலும் பொறுப்பு யாருதுன்னு சொல்லும்.

அந்த நத்தைக்கு அடுத்த பக்கத்தில நான் மடுல்கலையைத் தேடினேன். காணல்ல. கண்டியில பஸ் ஏறி வத்தேகம, பன்வில தாண்டினா மடுல்கலை. அங்க ரெலுகஸ்னு ஒரு தோட்டம். அவுஸ்திரேலியாவில இருந்து பிரேஸ்கேர்டில்னு ஒரு வெள்ளைக்காரப் பொடியன் துரை வேலை பழக வந்தான். பழக வந்தவன் துரைத்தனத்தைப் பழகாம நம்ம சனம் படுற பாட்டைப் பார்த்துட்டான். சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில ஏறி நின்னு துரைமாரு யோக்கியதையைப் போட்டு உடைச்சான். 1937 ஏப்ரல், நாவலப்பிட்டிக் கூட்டம். துரைமாருக்குச் சோறு எறங்கல்ல. கவர்னர் ஸ்டப்ஸ் உடனே அவனை நாட்டைவிட்டு ஏத்துன்னு கட்டளை போட்டாரு. பொடியன் ஒளிஞ்சிட்டான். பொலிஸ் நாடு பூரா தேடுது, அவன் மே மாசம் காலிமுகத்திடல் மேடையில வந்து நிக்கிறான்! அப்புறம் பிடிச்சாங்க. ஆட்கொணர்வு மனு போட்டாங்க. எச்.வி. பெரேரா பேசினாரு. பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் இருந்த பெஞ்சு, நெனச்ச நேரம் நெனச்சவனைத் தூக்கிப் போட கவர்னருக்கு அதிகாரம் கெடையாதுன்னு சொல்லி அவனை வெளிய விட்டுச்சி.

அதோட நிப்பாட்டாத. நிப்பாட்டினா அது வெள்ளைக்காரன் கதையாப் போயிரும். மூணு வருஷம் கழிச்சு, 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டுச்சி. கோவிந்தன் செத்தான். ஆட்கொணர்வுன்னா ஆளை உடம்போட கொண்டான்னு அர்த்தம்னு நீதான் எழுதி வச்சிருக்க. கோவிந்தன் விஷயத்தில உடம்பு மட்டும்தான் மிஞ்சிச்சி. ரெண்டு ஊரும் இதே மலைநாடுதான். ரெண்டையும் ஒரே மணித்தியாலத்தில சொல்லிப் பாரு. எந்தப் பின்னணிப் புள்ளை கொட்டாவி விடுதுன்னு பார்ப்போம்.

தேத்தண்ணி குடி. சீனி இல்ல, கையில கருப்பட்டி இருக்கு, கடிச்சுக்க.

பாஷைப் பிரச்சினைன்னு சொன்ன. புள்ளைக பாதி சிங்களத்தில யோசிக்குது, மீதி தமிழ்ல யோசிக்குது, எழுதுறது இங்கிலீஸ்ல. இது உனக்கு மட்டும் வந்த சோதனைன்னு நெனச்சியா? நான் தோட்டத் தலைவரா இருந்தப்ப ஒரு தடவை தொழில் நியாயசபையில சாட்சி சொன்னேன். எந்த ஊரு சபைன்னு கேக்காத. நம்ம ஆளு ஒருத்தரு, வயசான மனுசன், அவருக்கு ஆறு மாசமா அரைப்பேர்தான் விழுந்திருந்துச்சி. உனக்கு மறந்திருக்கும், டவுன்காரன் ஆயிட்ட. கொழுந்து அளவு குறைஞ்சா முழுநாள் சம்பளத்துக்குப் பதிலா அரைநாளு போடுவாங்க, அதுதான் அரைப்பேரு. கம்பனி லோயர் இங்கிலீஸ்ல கேட்டாரு. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழ்ல போட்டாரு. நான், "ஐயா, இவருக்கு ஆறு மாசமா அரைப்பேர்தானுங்க" அப்பிடின்னேன். மொழிபெயர்ப்பாளர் தோட்டம் தெரியாத மனுசன். அப்பிடியே எழுத்துக்கெழுத்து மாத்தினாரு: "இவருக்குப் பாதிப் பெயர்தான் இருக்கிறது."

சபைத் தலைவர் ஐயா கண்ணாடியைக் கழட்டினாரு. நல்ல மனுசன், நெசமாவே கவலைப்பட்டாரு. "முழுப் பெயர் என்ன?" அப்பிடின்னாரு.

நம்ம ஆளு எந்திரிச்சாரு. "முத்தையாங்க."

"இது பாதியா, முழுசா?"

"பாதிதாங்க."

"அப்போ மற்றப் பாதி எங்கே?"

முத்தையா ஒரு நிமிசம் யோசிச்சாரு. கம்பனி லோயரைத் திரும்பிப் பார்த்தாரு. "அது கம்பனிகிட்ட இருக்குங்க" அப்பிடின்னாரு.

சிரிக்காத. அன்னைக்குச் சபையில யாரும் சிரிக்கல்ல, எங்க யூனியன் லோயர் மட்டும் கைலேஞ்சியை வாயில வச்சிக்கிட்டாரு. பிறகு வெளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போச்சி. தவணை தள்ளிப் போச்சி. ஆனா நான் இத்தனை வருஷத்தில கேட்ட சட்ட வாக்கியத்தில அதைவிடச் சுத்தமான ஒன்னு கேட்டதில்ல. அவரு சொன்னது சரி. மிச்சப் பாதி கம்பனிகிட்டத்தான் இருந்துச்சி.

கண்டிக் கோட்டுல சிங்களம்தான் நடக்கும், தெரியும்ல. அரசியலமைப்புல 24ஆவது உறுப்புரை. வடக்கு கிழக்குத் தவிர மத்த எடமெல்லாம் நீதிமன்ற வேலை சிங்களத்தில. பாஷை தெரியாதவன் மொழிபெயர்ப்புக் கேக்கலாம், அது அவன் உரிமை. கேட்டா எப்பிடி வரும்னு இப்பத்தான் சொன்னேன். கொழும்புச் சட்டக் கல்லூரிப் பரீட்சையை இங்கிலீஸ்ல மட்டும் நடத்துவோம்னு 2020 கடைசியில வர்த்தமானி போட்டாங்க. 2023 மார்ச்சில பாராளுமன்றமே அதைத் தூக்கிப் போட்டிருச்சி. நான் அன்னைக்கு ரேடியோவுக்கு முன்னால ஒரு வெத்திலை கூடுதலாப் போட்டேன். இங்கிலீஸ் வேணாங்கல்ல. நீ இங்கிலீஸ் படிச்சதுக்காக நான் சீட்டுப் பிடிச்ச கதை உனக்கே தெரியும். இங்கிலீஸ்ல படிப்பி. ஆனா "அரைப்பேர்" மாதிரி ஒரு சொல்லு எந்தப் புள்ளை வாயில வந்தாலும் அதை நிறுத்திக் கேளு. கரும்பலகையில அதையும் எழுது. யாழ்ப்பாணப் புள்ளை "தேடியதேட்டம்"ங்கும், கண்டிச் சிங்களப் பொடியன் "பின்ன"ங்கும், அக்குறணைப் புள்ளை "வலி"ங்கும். அதெல்லாம் இங்கிலீஸ் பொஸ்தகத்தில சாய்ந்த எழுத்தில நிக்கிற சொல்லு. அவங்க வீட்டுல சோத்துப் பானைக்குப் பக்கத்தில கெடக்கிற சொல்லு.

ஆங், பின்ன! அதைப் பத்திப் பேசாம உன்னை அனுப்ப மாட்டேன்.

கண்டியச் சட்டத்தில ரெண்டு விதக் கல்யாணம். தீக, பின்ன. தீகத்தில பொண்ணு புருசன் வீட்டுக்குப் போகும். அப்பிடிப் போன பொண்ணுக்கு அப்பன் வழிச் சொத்துல பங்கு நழுவிப் போயிரும். பின்னவில புருசன் பொண்ணு வீட்டுக்கு வந்து இருப்பான். பொண்ணோட பங்கு அசையாது. அந்த மாப்பிள்ளைக்குப் பழைய ஆளுக ஒரு புத்தி சொல்லுவாங்க: எப்பவும் கைத்தடி, தாளிப்பனை ஓலைக்குடை, ஒரு பந்தம் மூணையும் கதவோரம் தயாரா வச்சிக்கன்னு. எந்த நேரம் வெளிய போடுவாங்கன்னு தெரியாதுல்ல, மழையா இருக்கலாம், இருட்டா இருக்கலாம். குண்டசாலையில மாமியார் வீட்டு மேல் மாடியில இருக்கிற சட்ட வாத்தியார் சேர், உங்க குடை எங்க?

இப்ப பாரு. வகுப்புல அந்தக் கண்டிப் பொண்ணுகிட்ட தீக-பின்ன வித்தியாசத்தை நீ வெளங்கப்படுத்துவ. அவ பாட்டி அதை வச்சு அண்ணன் தம்பியோட முப்பது வருஷம் பேசாம இருந்திருக்கும். நீ சொல்றது சட்டம். அவளுக்கு அது குடும்பச் சண்டை. பக்கத்துப் பெஞ்சுல யாழ்ப்பாணப் புள்ளை. தேசவழமையில கல்யாணம் ஆன பொம்பளை தன் பேர்ல இருக்கிற காணியை விக்கிறதுக்கும் புருசன் சம்மதம் வேணும். அந்த வழக்கத்தை எழுத்தில வச்சவன் கிளாஸ் இசாக்ஸ்னு ஒரு ஒல்லாந்த உத்தியோகத்தன், 1707ல. தமிழ்ல மாத்தி, பன்னிரண்டு முதலிமாரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டி, சரியான்னு கேட்டிருக்காங்க. பன்னிரண்டு பேரும் சரின்னாங்க. பதிமூணாவதா ஒரு பொம்பளையைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்னு அந்தப் புள்ளைகிட்ட கேளு. அக்குறணைப் புள்ளைக்கு 1951ஆம் வருஷத்து முஸ்லிம் விவாகச் சட்டம். அங்க கல்யாணப் பதிவில பொண்ணு கையெழுத்துப் போட எடமே வைக்கல்ல, அவ சார்பில வலி, அதாவது காப்பாளர் ஆம்பளை, போட்டாப் போதும். அந்தப் புள்ளை இதைப் பத்தி என்ன நெனைக்குதுன்னு நீ ஊகிக்காத, கேட்டுப் பாரு. ஒன்னு சட்டத்தைத் திட்டும், இல்லாட்டி உன்னைத் திட்டும். ரெண்டும் வகுப்புக்கு நல்லது.

நம்ம தெல்தோட்டைப் புள்ளைக்கு என்ன தனிச்சட்டம்? யோசிச்சியா? ஒன்னுமில்ல. தேசவழமை யாழ்ப்பாண வாசிகளுக்கு. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவங்களுக்கு. காதி நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு. நமக்குப் பொதுச் சட்டம், அதுக்கு அடியில ரோமன் டச்சு. துறையூர்ல இருந்தும் நாமக்கல்ல இருந்தும் கெளம்பி, தலைமன்னார்ல எறங்கி, மாத்தளைக்கு நடந்தே வந்த சனம் ஒல்லாந்து வழக்கப்படி வாழணும்! உலாந்தாக்காரன் நமக்கு விட்டுட்டுப் போனது மூணு: கக்கூசு, கந்தோரு, நீ உக்காந்திருக்கியே இந்த இஸ்தோப்பு. நாலாவது உன் சட்டம்.

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. ஒல்லாந்தன் கண்டியை ஆண்டதே இல்ல. 1765ல கவர்னர் வான் எக் துவக்கோட வந்து அரண்மனை வரைக்கும் புகுந்து பார்த்தான். நிக்க ஏலாம எறங்கிட்டான். 1815 மார்ச் 2ஆந் தேதி மகுல் மடுவத்தில கண்டி ஒப்பந்தத்தை வாசிச்சது இங்கிலீஸ்காரன். இங்கத்த சனத்துக்கு இங்கத்த வழக்கப்படிதான் நீதின்னு அதில எழுதினான். 1852ல அவனே 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்னு போட்டான்: கண்டியச் சட்டம் வாய் தொறக்காத எடத்தில கரையோரச் சட்டம் பேசும்னு. கரையோரச் சட்டம்னா ரோமன் டச்சுதானே. துவக்கோட வந்து ஏலாமப் போனவனை இங்கிலீஸ்காரன் பின்கதவால கூட்டியாந்து கதிரை போட்டு உக்கார வச்சிட்டான். அதுக்கு ரொம்ப முந்தியே, 1809ல, ஒல்லாந்தன் சொந்த ஊர்ல அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு நெப்போலியன் வகைச் சட்டத்துக்குப் போயிட்டான். விட்டவன் விட்டுட்டான், நாமதான் தொடச்சி வச்சிருக்கோம்.

அந்தச் சட்டத்துக்கு தாத்தா குரோஷியஸ்னு உன் கொப்பியில இருக்கு. நீ எழுதாம விட்டதை நான் சொல்றேன். அந்த மனுசன் அதை எழுதினது ஜெயில்ல இருந்துக்கிட்டு. 1621ல பொஞ்சாதி புத்தகம் போட்டுக் குடுத்து அனுப்புற பெட்டிக்குள்ள சுருண்டு படுத்து, காவக்காரங்க தலையிலயே ஏறி வெளிய போயிட்டாரு. பரீட்சைக்கு வராது. ஆனா போகம்பறை ஜெயில் மதிலைப் பார்த்து வளர்ந்த கண்டிப் புள்ளைகளுக்கு இதைச் சொல்லிட்டுப் பாடத்தை ஆரம்பிச்சுப் பாரு. ரோமன் டச்சு கசக்காது.

ஒப்பந்தம், ஒப்பந்தம்னு நாலு பக்கம் எழுதியிருக்கியே, அதுல ஒரு எடத்தில எனக்குக் கை நடுங்கிருச்சி. இங்கிலீஸ் சட்டத்தில பதிலுக்கு ஏதாவது குடுத்தாத்தான் வாக்குக்குப் பெறுமதி. ரோமன் டச்சுல நல்ல காரணம் இருந்தாப் போதும். 1904ல லிப்டன் கேஸுல இங்கத்த உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது, 1918ல லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதையே சொன்னது. அந்த ரெண்டாவது கேஸு கூடப்பொறந்தவளுக்குப் பணம் தர்றேன்னு குடுத்த வாக்காமே! உங்கம்மா கல்யாணத்துக்கு ரெண்டு பவுன் போடுறேன்னு நான் கங்காணி வீட்டு முன்னால வச்சிச் சொன்னவன். போட்டது ஒன்னு. தயவுசெஞ்சு இந்தப் பாடத்தை உங்கம்மாவுக்கு மட்டும் எடுத்துறாத.

சரி, கேலியை விடுவோம். நீ வந்ததில இருந்து ஒரு விஷயத்தைச் சுத்திச் சுத்திப் போற. தெல்தோட்டைப் புள்ளை. அது என்னமோ கேட்டுச்சாம், நீ என்னமோ சொன்னியாம். உங்கம்மா அதையும் சொல்லிட்டா.

நீ அன்னைக்கு 1871ஆம் வருஷத்து ஆட்சியுரிமைச் சட்டம் எடுத்திருக்க. ஒருத்தன் இன்னொருத்தன் காணியைப் பத்து வருஷம் தன் காணி மாதிரி வச்சிக்கிட்டா அது அவனுக்கே சொந்தம்னு கரும்பலகையில எழுதியிருக்க. அந்தப் புள்ளை கையைத் தூக்கி, "சேர், நாங்க லூல்கந்துரப் பக்கம் ஒரே லயத்தில நாலு தலைமுறையா இருக்கோம். பத்து வருஷம் போதும்னா எங்களுக்கு ஏன் இல்ல?" அப்பிடின்னு கேட்டிருக்கு. நீ என்ன சொன்ன? "அது சிலபஸ்ல இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் புரட்டின. அட என் அப்புக்காத்தே!

ஜேம்ஸ் டெய்லர் 1867ல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட மண்ணுல இருந்து வந்த புள்ளை காணியைப் பத்திக் கேக்குது. அதுக்கு மேல என்னடா சிலபஸ்?

உனக்குப் பதில் தெரியும். எனக்கே தெரியுமே. அனுமதியோட குடியிருக்கிறவனுக்குக் காலம் ஓடாது. தோட்டம் வேலைக்காகக் குடுத்த காம்பரா, அதனால நீ நூறு வருஷம் இருந்தாலும் நேத்து வந்தவன்தான். 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சி. அரசாங்கக் காணிக்கு எதிரா இந்தச் சட்டத்தில காலம் ஓடவே ஓடாது. 1992ல கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போச்சி, மண்ணு அரசாங்கத்தோடதாவே நின்னுச்சி. இதைச் சொல்ல உனக்கு ரெண்டு நிமிசம் போதும். ஏன் சொல்லல்ல?

நான் சொல்றேன். அந்தப் புள்ளைக்குப் பதில் சொன்னா அடுத்ததா, "சேர் எந்த ஊரு?"ன்னு கேட்டிருக்கும். வகுப்புல முதல் நாளு "நான் கண்டி"ன்னு சொன்னவன் நீ. பொய் இல்ல. ஹந்தானையும் கண்டிதான். இங்க இருந்து பார்த்தா பேராதனைப் பல்கலைக்கழகக் கூரை தெரியுது, ராத்திரியில லைட்டு தெரியுது. 1952ல கீழ அந்தப் பல்கலைக்கழகம் வந்தப்ப துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ், அரசியலமைப்புச் சட்டத்தில உலகப் புலி, இந்த நாட்டு அரசியலமைப்பே அவரு கைபட்டதுதான். அதே 1952 தேர்தல்ல மேல இந்த லயத்தில உன் தாத்தாவுக்கு ஓட்டு இல்ல. 1947ல போட்டவரு. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம், 1949ல தேர்தல் சட்டத் திருத்தம், ரெண்டுமாச் சேர்ந்து அவரு பேரைத் துடைச்சிருச்சி. கோடக்கன்பிள்ளைன்னு ஒருத்தர் கேகாலைப் பக்கம் ருவன்வெல்லையில இருந்து எம்பேரு இடாப்புல இல்லேன்னு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனாரு. ஜென்னிங்ஸ் அரசியலமைப்புல சிறுபான்மைக்காரனைக் காக்கன்னே வச்ச 29ஆம் பிரிவைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. 1953ல தோத்தாரு. எனக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி வந்தப்ப நாப்பது வயசு தாண்டிருச்சி. அது வரைக்கும் நான் எந்த நாட்டுக்காரனும் இல்ல, அப்பவும் கொழுந்து மட்டும் இந்த நாட்டுக்குத்தான் போச்சி.

இதுதான்டா உன் பின்னணி. சினிமாப் பின்னணி கணக்கா மறைச்சு வச்சிருக்க.

இன்னொன்னையும் நீ கவனிக்கல்ல. அந்தப் புள்ளை கேட்டப்ப தெல்தெனியப் பொடியன் திரும்பிப் பார்த்தானாமே. ஏன் பார்த்தான்? அவன் பூட்டன் சேனை வெட்டின காட்டை 1840ஆம் வருஷத்து 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டு, இல்லாட்டி முடிக்குரியதுன்னு சொல்லி எடுத்திருச்சி. எடுத்ததைத் துரைமாருக்கு வித்தாங்க. அதுல கோப்பி வந்துச்சி, பிறகு தேயிலை வந்துச்சி, அந்த வேலைக்குத்தான் நம்ம பூட்டன் வந்தான். இதுலயும் ஒரு வேடிக்கை: 1815 ஒப்பந்தத்தில ராஜாவோட மலபார்ச் சொந்தக்காரன் ஒருத்தனும் கண்டிச் சீமைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு எழுதினாங்க. பத்து வருஷம் முடியல்ல, கோப்பிக்கு ஆள் வேணும்னு மலபார்க் கூலியை அவனே கப்பல்ல ஏத்தினான். அப்புறம் 1980கள்ல விக்டோரியா அணைக்கட்டு வந்து பழைய தெல்தெனிய டவுனே தண்ணிக்குள்ள போச்சி. கோடையில தண்ணி எறங்கினா பழைய கோயில் செவரு தலை நீட்டும், அவன் வீட்டுக்காரங்க போய்ப் பார்த்துட்டு வருவாங்க. காணி சுவீகரிப்புச் சட்டத்தை நீ அவனுக்குப் படிப்பிக்கப் போறியா? அவனை எழுப்பி நிப்பாட்டி, நீ போய் அவன் பெஞ்சுல உக்காரு.

உறுதி இல்லேன்னு காணி போனவன் ஒரு பெஞ்சு, உறுதி கெடைக்காமலே காணியில கெடக்கிறவ அடுத்த பெஞ்சு. ரெண்டு பேருக்கும் நடுவில ஒன்றரை அடி. வெளிய இவங்க ரெண்டு சாதி சனமும் ஒருத்தரை ஒருத்தர் காணி பிடிச்சவன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. அந்த ஒன்றரை அடியில நின்னு பேசுறதுக்குத்தான் உனக்குச் சம்பளம். நீ நத்தையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற.

கெளம்புறியா? இருட்டுறதுக்குள்ள போ, மேல பனி எறங்கிருச்சின்னா ஆட்டோக்காரன் வரமாட்டான். போகும்போது கண்டி மார்க்கெட்டுல வெத்திலை வாங்கி சின்னவன்கிட்ட குடுத்தனுப்பு, இங்கத்த வெத்திலை கோரையா இருக்கு. இந்தா, உன் கொப்பி. பின்னட்டையில முத்தையா கதையை எழுதி வச்சிருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்க.

திங்கக்கிழமை உள்ள போன உடனே அந்தப் புள்ளையோட கேள்வியைக் கரும்பலகையில எழுது. பதிலைச் சொல்லு. எந்த ஊருன்னு கேட்டா ஊரையும் சொல்லு. முடிஞ்ச உடனே எனக்கு ஒரு போன் அடி. ஏழு பேர்ச் காணியும் வீடும் தர்றோம்னு சொல்லி எத்தனையோ பேர் வந்து போயிட்டாங்க. நீ உக்காந்திருந்த இந்தக் காம்பராவுக்கு என் பேர்ல இன்னும் உறுதி இல்ல.